தம் உடையும் நேரத்தில் கேமரா

விறகடுப்பில் தம் போட்ட பிரியாணி அண்டாவை ஒருமுறைதான் திறக்க முடியும். மூடியின் மேல் கொட்டியிருக்கும் கங்கைத் தள்ளி, விளிம்பில் சுற்றிய ஈரத்துணியை உருவி, மாஸ்டர் மூடியை இழுத்ததும் வெள்ளை வெளேரென்று ஆவி எழும்பும். சில நொடிகள்தான், காற்றோடு போய்விடும். அதற்குள் கேமரா ஓடியிருக்க வேண்டும். ஃபோகஸ் பிசகிவிட்டது, லென்ஸில் ஆவி படிந்துவிட்டது, யாரோ தோளை இடித்துவிட்டார்கள் என்று எந்தச் சமாதானம் சொன்னாலும் அந்த ஷாட் திரும்பி வராது. மறுபடி மூடி, மறுபடி திறந்தால் ஆவி பாதியாகக்கூட இருக்காது. டோக்கனைக் கையில் பிடித்து வரிசையில் நிற்கிறவர்களும் அதுவரை பொறுக்க மாட்டார்கள்.

உணவுத் திருவிழாவில் விளம்பர வீடியோ எடுக்கப் போகிறவர்களின் வேலை இப்படித்தான் தொடங்குகிறது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் எந்தத் திடலில் உணவுத் திருவிழா நடந்தாலும் அடுப்புக்கு அடுப்பு ஒரு கேமரா நிற்கிறது. நடத்துகிறவர்கள் அமர்த்திய குழு ஒன்று, ஸ்டால் போட்டவர் காசு கொடுத்து வரவழைத்த யூடியூபர் ஒருவர், தன் பக்கத்துக்காக ரீல்ஸ் எடுக்கும் கல்லூரி மாணவர்கள் சிலர். எந்த ஸ்டாலில் கூட்டம் நிற்கும், எதில் சட்டியோடு மிஞ்சும் என்பதைப் பெருமளவு இவர்களே முடிவு செய்கிறார்கள். சமைப்பவரின் வரும்படியையும் சாப்பிடுபவரின் வயிற்றையும் தொடுகிற வேலை இது. அதனால்தான் இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

ஸ்டுடியோவில் உணவை எடுப்பவர்களுக்கு வேறு வசதிகள் உண்டு. ஐஸ்கிரீம் லைட் சூட்டில் உருகிவிடும் என்று மசித்த உருளைக்கிழங்கை உருட்டி வைப்பது, பாலுக்குப் பதிலாக வெள்ளைப் பசையை ஊற்றுவது, குளிர்பானத்தில் உருகாத அக்ரிலிக் கட்டிகளைப் போடுவது, பழத்தின் மேல் கிளிசரின் துளிகளைத் தெளிப்பது எல்லாம் விளம்பரப் படத்துறையின் பழைய உத்திகள். படத்தில் இருக்கும் அந்த உணவை யாரும் சாப்பிடப் போவதில்லை. திருவிழாத் திடலில் அப்படி இல்லை. கேமரா பார்த்த அதே கரண்டிச் சோறு அடுத்த நிமிடம் யாரோ ஒருவருடைய தட்டில் விழுகிறது. சுற்றி நிற்கும் நூறு பேர் அதற்குச் சாட்சி. திறந்தவெளியில் எடுக்கும் வீடியோவை ஜனங்கள் நம்புவதற்குக் காரணம் இதுதான். அந்த நம்பிக்கையைக் கெடுக்காமல் எடுப்பது எப்படி என்பதே இந்தத் தொழிலின் முக்கியமான கேள்வி என்று நான் நினைக்கிறேன். கேமரா என்ன விலை, எடிட்டிங் என்ன வேகம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதல் நாள் வீடியோ, மூன்றாம் நாள் கூட்டம்

2022 ஆகஸ்ட் 12 முதல் 14 வரை சென்னை தீவுத்திடலில் 'சிங்காரச் சென்னை உணவுத் திருவிழா' நடந்தது. 2024 டிசம்பர் 20 முதல் 24 வரை மெரினா மணலில் மகளிர் சுய உதவிக் குழுக்களின் உணவுத் திருவிழாவைத் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் நடத்தியது. மாவட்டந்தோறும் இருந்து வந்த பெண்கள் தங்கள் ஊர்ச் சாப்பாட்டைச் சமைத்து விற்றார்கள். இப்படி மூன்று நாள், ஐந்து நாள் மட்டுமே நடக்கிற விழாவுக்கு முன்கூட்டி எவ்வளவு விளம்பரம் செய்தாலும், முதல் நாள் எடுத்த வீடியோதான் மூன்றாம் நாள் கூட்டத்தை இழுத்து வருகிறது. மாலையில் எடுத்து, இரவில் வெட்டி ஒட்டி, மறுநாள் காலை ஜனங்கள் போனைத் திறக்கும் நேரத்தில் போட்டுவிட வேண்டும். ஒரு நாள் தள்ளிப்போனால் பாதி விழா முடிந்திருக்கும்.

ஊரில் நல்ல பெயர் எடுத்த கைப்பக்குவமாக இருக்கும். ஆனால் சென்னையில் அந்தச் சமையல்காரரை ஒருவருக்கும் தெரியாது. பள்ளிப்பாளையம் சிக்கனையே எடுத்துக்கொள்ளுங்கள், பெயரளவில் கேட்டவர்கள் நிறைய. சின்ன வெங்காயமும் காய்ந்த மிளகாயும் தேங்காய்ச் சில்லும் எண்ணெயில் வதங்க, அதிலேயே கோழி வேகுவதைப் பார்த்தவர்கள் குறைவு. அதை அரை நிமிடம் பக்கத்தில் நின்று காட்டினாலே போதும், அந்த ஸ்டாலைத் தேடி வந்துவிடுவார்கள். இந்த நல்லதைச் செய்கிற வலிமை வேறு எந்த விளம்பரத்துக்கும் இல்லை. பேனர் வாசனையைக் காட்டாது. வீடியோவும் காட்டாதுதான். ஆனால் எண்ணெயில் மிளகாய் விழுகிற சத்தத்தைக் கேட்டதும் மூக்கில் கார நெடி ஏறுவதுபோல் நமக்கு ஆகிவிடுகிறது.

எதைக் காட்டுவது என்பதைக் கேமராவுக்கு முன்பே வேறு யாரோ முடிவு செய்துவிடுவதும் உண்டு. 2022 மே மாதம் ஆம்பூரில் மூன்று நாள் பிரியாணித் திருவிழா நடப்பதாக இருந்தது. மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை என்றதும் எதிர்ப்பு கிளம்பியது. மழை எச்சரிக்கையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. ஆம்பூரின் தெருக்களில் அன்றாடம் விற்கிற, உழைப்பாளிகள் அன்றாடம் சாப்பிடுகிற உணவு மாட்டிறைச்சி பிரியாணி. அதை விலக்கிவிட்டு எடுத்திருந்தால், எத்தனை அழகாக எடுத்திருந்தாலும் அது ஆம்பூரின் வீடியோவாக இருந்திருக்காது.

வெளிச்சமும் தார்ப்பாயும்

திறந்தவெளி என்றாலே வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். உண்மையில் பெரிய தொல்லையே வெளிச்சம்தான். உச்சிவெயிலில் குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெய் கண்ணாடிபோல் பளீரென்று அடிக்கும். அதன் கீழே இருக்கும் கறி கறுப்பாகத் தெரியும். வெயிலுக்குப் பயந்து பந்தலுக்குள் போனால் தார்ப்பாய் காத்திருக்கிறது. நீலத் தார்ப்பாய்க்குக் கீழே சோறு பிணம்போல் வெளிறும். பச்சைத் தார்ப்பாய்க்குக் கீழே மட்டன் சுக்காவைப் பார்த்தால் பூசணம் பிடித்ததோ என்று தோன்றும். சிவப்புச் சாமியானா எல்லாவற்றையும் ஒரே காரக் குழம்பாக்கிவிடும். போனில் நிறத்தைச் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டால், சோற்றைச் சரிசெய்யும்போது சமைப்பவரின் முகம் ஊதாவாகிவிடும்.

இதற்கு அனுபவசாலிகள் செய்கிற வேலை ரொம்பச் சாதாரணமானது. அடுப்பிலிருந்து இரண்டடி நகர்த்தி, பந்தலின் விளிம்புக்குத் தட்டைக் கொண்டுவருகிறார்கள். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை வேட்டியையோ தெர்மாக்கோல் அட்டையையோ பிடித்து வெளிச்சத்தைத் திருப்புகிறார்கள். ஸ்டால் ஒதுக்கும்போதே விழா நடத்துகிறவர்கள் வெள்ளைத் துணிப் பந்தல் போட்டுவிட்டால் இந்தப் பாடே வேண்டாம். ஒரு விளம்பரக் குழுவுக்குக் கொடுக்கும் கட்டணத்தைவிட அந்தத் துணி அதிகமாகிவிடப் போவதில்லை.

ஆவியைக் காட்டுவதற்கும் ஒரு வழி உண்டு. வெளிச்சம் முன்னால் இருந்து விழுந்தால் ஆவி கண்ணுக்கே தெரியாது. பின்னால் இருந்து வர வேண்டும், பின்னணி இருட்டாக இருக்க வேண்டும். மெரினாவில் மாலை நான்கரை மணிக்கு மேல் சூரியன் காமராஜர் சாலைப் பக்கம் சாய்கிறது. அப்போது கேமராவைக் கடலுக்கு முதுகு காட்டி, மேற்கே பார்த்துப் பிடித்தால் இட்லிக் கொப்பரையைத் திறக்கும்போது எழும் ஆவி பொன்னிறமாக ஜொலிக்கும். டிசம்பரில் அந்த வெளிச்சம் ஒரு மணி நேரம்கூட நிற்காது. எந்த ஸ்டாலில் என்ன, எப்போது இறங்கும் என்று மதியமே சுற்றிவந்து கேட்டு வைத்துக்கொண்டவர்களுக்குத்தான் அது வாய்க்கும்.

இருட்டியபின் எல்.இ.டி. பல்புகளின் ராஜ்யம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்குகள் நொடிக்கு நூறு முறை ஏறி இறங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். போன்களில் இயல்பாக இருக்கும் 30 ஃப்ரேம் வேகத்தில் அப்படியே எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடும். 25 அல்லது 50 ஃப்ரேமுக்கு மாற்றி, ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் நிறுத்தினால் பெரும்பாலும் நின்றுவிடும். இவ்வளவு சின்ன விஷயம் தெரியாததால் வீணாகிப்போன கொத்து பரோட்டாக்கள் எத்தனையோ.

டிரோன் பற்றியும் ஒரு வார்த்தை. தீவுத்திடலுக்குப் பக்கத்திலேயே தலைமைச் செயலகமும் ராணுவப் பகுதியும் இருக்கின்றன. அங்கே அனுமதியில்லாமல் எதையும் பறக்கவிட முடியாது. வேறு ஊர்த் திடலாகவே இருந்தாலும், அடுப்புக்கு மேல் தாழப் பறக்கிற டிரோன் கிளப்புகிற புழுதியும் சாம்பலும் திறந்திருக்கும் அண்டாவுக்குள்தான் விழும். சாப்பாட்டு வேலையில் அதற்கு இடமே இல்லை என்பது என் கட்சி.

கொத்து பரோட்டாவின் தாளம்

படத்தைவிடச் சத்தம் முக்கியம் என்று உணவு வீடியோக்காரர்கள் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்வேன். தோசைக்கல்லில் மாவு விழும் 'சொய்ங்', அப்பளம் நொறுங்குவது, கல்லின் மேல் இரண்டு தகடுகளும் மாறி மாறி விழுந்து பரோட்டாவைக் கொத்துகிற தாளம். பின்னணி இசையே வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்திலிருந்து 2018-இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல் இதை உலகத்துக்கே காட்டியது. வயல்வெளி, விறகடுப்பு, அம்மியில் மசாலா அரைபடும் சத்தம், ஒவ்வொரு பொருளையும் பெயர் சொல்லிப் போடுகிற உற்சாகக் குரல். 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல் ஆனார்கள். அவர்கள் சமைத்தது கண்ணுக்காக மட்டும் அல்ல. சமைத்ததை முதியோருக்கும் இல்லாதவர்களுக்கும் பரிமாறினார்கள். பார்க்கிறவர்களுக்கு அது தெரிந்திருந்தது.

ஆனால் வயல்வெளியில் கிடைக்கிற அமைதி திருவிழாத் திடலில் கிடைக்காது. ஸ்டாலுக்குப் பின்னால் ஜெனரேட்டர். தலைக்கு மேல் ஒலிபெருக்கி. "காணாமல்போன குழந்தையின் பெற்றோர் உடனடியாக மேடைக்கு வரவும்" என்று அறிவிப்பு. கடற்கரையாக இருந்தால் மைக்கில் காற்று உறுமிக்கொண்டே இருக்கும். இதற்கு ஒரே வழி, மைக்கை வாய்க்கு அருகிலும் கல்லுக்கு அருகிலும் கொண்டுபோவதுதான். பேசுபவரின் சட்டையில் ஒரு சின்ன மைக், அதற்கு மயிர்த்துணி உறை. கல்லின் ஓரத்தில் இன்னொன்று, எண்ணெய் தெறிக்காத தூரத்தில். கேமராவில் இருக்கும் மைக்கை நம்பினால் ஜெனரேட்டர்தான் கதாநாயகன் ஆகும்.

ஒலிபெருக்கியில் ஓடுகிற சினிமாப் பாட்டு இன்னொரு கண்ணி. நாம் போடாவிட்டாலும் பின்னணியில் அது பதிவாகியிருந்தால் யூடியூபின் தானியங்கிக் கண்காணிப்பு கண்டுபிடித்துவிடும். வீடியோவின் வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகும், அல்லது சத்தமே துண்டிக்கப்படும். இரண்டு பாட்டுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளிக்காகக் கேமராவோடு காத்திருக்கிறவர்களைத் திடலில் பார்க்கலாம். ஒலிபெருக்கிக்காரரிடம் போய், "அண்ணே, அஞ்சு நிமிஷம் நிறுத்தித் தர்றீங்களா?" என்று கேட்டுப் பார்ப்பது அதைவிடச் சுலபம். பெரும்பாலும் நிறுத்தித் தருவார்.

கரண்டி பிடித்த கை

ஒரு கண்காட்சித் திடலில் நான் பார்த்ததை இங்கே சொல்ல வேண்டும். முடக்கத்தான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார் ஒரு சுய உதவிக் குழு அக்கா. நடு வயது. மாலை நேரம், வரிசையில் பதினைந்து பேர். கேமராவோடு மூன்று இளைஞர்கள் உள்ளே வந்தார்கள்.

"அக்கா, மாவை இன்னும் கொஞ்சம் உசரத்துல இருந்து ஊத்துங்க."

ஊற்றினார். ஃபோகஸ் சரியில்லை. இன்னொரு தோசை. ஒருவர் லைட்டைத் திருப்பினார். இன்னொரு தோசை.

"சிரிச்சுக்கிட்டே ஊத்துங்கக்கா."

"தம்பி, கல்லு சூடேறிப்போச்சு. தண்ணி தெளிச்சாத்தான் தோசை நிக்கும். ஆளுங்களும் நிக்கிறாங்க பாருங்க."

"ஒரே ஒரு டேக்குக்கா."

கல்லில் இருந்து எடுத்த தோசைகள் ஓரத்தில் விரைத்துக் கிடந்தன. அவற்றை அவர் விற்க மாட்டார். வரிசையில் இருந்து இரண்டு பேர் பக்கத்து ஸ்டாலுக்கு நகர்ந்தார்கள். பையன்கள் நன்றி சொல்லிக் கிளம்பும்போது அவர் கேட்டது ஒன்றுதான்: "எதுல வரும் தம்பி? எம் மவளுக்குச் சொல்லணும்." அவர்களில் ஒருவர் சேனல் பெயரைச் சொன்னார். அடுப்புச் சத்தத்தில் அது அவர் காதில் விழவில்லை. திரும்பக் கேட்பதற்குள் போய்விட்டார்கள். தோசைக்குக் காசும் கொடுக்கவில்லை.

அந்தப் பையன்கள் கெட்டவர்கள் இல்லை. அவசரத்தில் இருந்தார்கள். ஆனால் அவர்கள் எடுத்துப்போனது அவருடைய அரை மணி நேர வியாபாரம். இரண்டு மூன்று நாள் மட்டுமே கடை போட வந்தவருக்கு, அதுவும் மாலை நேரத்தில், அரை மணி நேரம் என்பது பெரிய காசு. மாவு, கேஸ், வந்துபோகும் பஸ் கட்டணம் எல்லாம் அதில்தான் திரும்ப வேண்டும்.

அதே திடலில் சற்றுத் தள்ளி வேறு மாதிரியும் நடந்தது. ஒரு பெண், கையில் ஒரே ஒரு போன், பரோட்டாக் கல்லுக்குப் பக்கவாட்டில் வழியை மறைக்காமல் நின்றாள். முதலில் டோக்கன் வாங்கினாள். "மாஸ்டர், நீங்க உங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க. நான் எடுத்துக்கறேன். உங்க முகம் வந்தா பரவாயில்லையா?" என்று கேட்டாள். மாஸ்டர் தலையசைத்தார். வரிசையில் முன்னால் இருந்த ஒரு பெரியவருக்காகப் போட்ட கொத்து பரோட்டாவைத் தொடக்கம் முதல் வாழையிலையில் விழும்வரை எடுத்தாள். பெரியவர் சாப்பிடுவதைத் தூரத்தில் இருந்து, அவரிடம் கேட்டுக்கொண்டு எடுத்தாள். கடைசியில் விலைப்பட்டியலையும் ஸ்டால் எண்ணையும் எடுத்தாள். மாஸ்டரின் கை ஒருமுறைகூட நிற்கவில்லை. அப்படி எடுத்ததில்தான் அந்தக் கைக்கு உரிய வேகம் இருந்திருக்கும். போஸ் கொடுக்கச் சொன்னால் எந்த மாஸ்டருக்கும் கை தடுமாறும்.

ருசி பார்க்கிற கட்டம் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு வாய் எடுத்து வைத்த மறுநொடியே கண்ணை மூடித் தலையை ஆட்டி "வேற லெவல்" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அதில் இருந்து பார்ப்பவருக்கு என்ன தெரிகிறது? சோறு உதிரியா, குழைவா? காரம் நாக்கில் நிற்கிறதா, தொண்டைக்குப் போகிறதா? கறி எலும்பை விட்டுக் கழன்று வருகிறதா? உப்பு ஒரு சிட்டிகை கூடினால் கூடியது என்று சொல்லலாமே. விளம்பரம் என்றால் குறையே சொல்லக் கூடாது என்று யார் சொன்னது? "காரம் தூக்கல், குழந்தைகளுக்கு வேண்டாம்" என்று ஒரு வரி சொன்னால் மற்ற எல்லாப் பாராட்டையும் ஜனங்கள் நம்புவார்கள்.

புகையும் சாயமும்

கேமராவுக்குப் பிடித்த உணவு வேறு, உடம்புக்கு ஏற்ற உணவு வேறு என்று ஆகும்போதுதான் இந்த வீடியோ வேலை ஆபத்தாகிறது. அடர்ந்த நிறம், புகை, நெருப்பு, நூல் நூலாக இழுபடும் சீஸ். இவை சின்னத் திரையில் எடுப்பாகத் தெரியும். தெரிவதால் வீடியோவில் வருகின்றன. வீடியோவில் வந்ததால் ஜனங்கள் கேட்கிறார்கள். கேட்பதால் அடுத்த திருவிழாவில் இன்னும் பத்து ஸ்டால்கள் அதையே போடுகின்றன.

2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தமிழ்நாடு அரசு தடை விதித்தது நினைவிருக்கும். அதற்குச் சில நாள் முன்பு புதுச்சேரியும் தடை விதித்திருந்தது. மாதிரிகளில் ரோடமின்-பி என்ற சாயம் இருந்தது. துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றுகிற சாயம் அது. புற்றுநோய் அபாயம் உள்ளது என்று எச்சரிக்கப்படுவது. அடுத்த மாதம் கர்நாடகமும் நிறமேற்றிய பஞ்சுமிட்டாய்க்கும் கோபி மஞ்சூரியனில் செயற்கைச் சாயம் சேர்ப்பதற்கும் தடை போட்டது. கண்ணைப் பறிக்கும் அந்த ரோஜா நிறம்தான் வீடியோக்களில் முன்னால் வந்து நின்ற நிறம்.

அதே ஆண்டு ஏப்ரலில் கர்நாடகத்தின் தாவணகெரேயில் 'ஸ்மோக் பிஸ்கட்' சாப்பிட்ட சிறுவன் ஒருவன் வலியில் துடிக்கிற காட்சி நாடு முழுக்கப் பரவியது. பிஸ்கட்டில் இருந்து வரும் அந்தப் புகை திரவ நைட்ரஜன் ஆவியாவதால் உண்டாவது. மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கிற பொருள். முழுவதும் ஆவியாகும் முன்னால் வாய்க்குள் போனால் நாக்கு, தொண்டை, குடல் என்று பொசுக்கிவிடும். அதன்பின் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையும் எச்சரிக்கை விடுத்தது. அந்தப் பிஸ்கட்டை ருசிக்காக யாரும் வாங்கியதில்லை. மூக்கில் புகை விடுவதுபோல் வீடியோ எடுத்துக்கொள்ளத்தான் வாங்கினார்கள்.

இதில் வீடியோ எடுப்பவருக்குப் பொறுப்பே இல்லையா? இருக்கிறது என்கிறது சட்டம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு அதைப் பரிந்துரைத்தவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. ஓராண்டுக்கு எந்தப் பொருளையும் பரிந்துரைக்கக் கூடாது என்று தடையும் போடலாம், திரும்பச் செய்தால் மூன்றாண்டு வரை. 2021-இல் இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றம் கொண்டுவந்த நெறிமுறை இன்னும் நுணுக்கமானது. காசோ இலவசச் சாப்பாடோ எதையாவது பெற்றுக்கொண்டு எடுத்த வீடியோ என்றால் அது விளம்பரம் என்ற குறிப்பு இருக்க வேண்டும். 15 நொடிக்குள் முடியும் வீடியோவில் குறைந்தது மூன்று நொடி, இரண்டு நிமிடத்துக்குள் என்றால் மூன்றில் ஒரு பங்கு நேரம், அதற்கும் மேல் நீண்டால் அந்தப் பொருளைப் பற்றிப் பேசும் பகுதி முழுக்க. நேரலை என்றால் தொடக்கத்திலும் முடிவிலும் வாயால் சொல்ல வேண்டும்.

நம் உணவு வீடியோக்களில் இதை எங்கே பார்க்கிறோம்? "அந்த வழியா போனப்ப வாசனை இழுத்துச்சு, உள்ளே வந்துட்டேன்" என்று ஆரம்பிக்கிறார்கள். காசு வாங்கியதில் தவறே இல்லை. அது உழைப்பு, அதற்குக் கூலி வேண்டும். மறைப்பதுதான் தவறு. 'கட்டண விளம்பரம்' என்று தமிழில் பளிச்சென்று முதல் காட்சியிலேயே போடட்டும். சாப்பாடு நன்றாக இருந்தால் அதனால் ஒரு தட்டுகூடக் குறையாது.

சாமிக்குப் படைத்த சோறு

எல்லாத் திருவிழாச் சாப்பாடும் விற்பனைக்கு இல்லை. மதுரை மாவட்டம் திருமங்கலம் பக்கத்தில் வடக்கம்பட்டி. முனியாண்டி சாமி கோயில். முனியாண்டி விலாஸ் என்ற பெயரில் ஊர் ஊராக ஓட்டல் நடத்துகிறவர்கள், தங்கள் பிழைப்புக்குத் துணை நின்ற சாமிக்கு ஆண்டுதோறும் எடுக்கிற விழா. தை, மாசி மாதங்களில் நடக்கும். நேர்ந்துவிட்ட ஆடுகளும் சேவல்களும் குவியும். இரவு முழுக்க அண்டா அண்டாவாகப் பிரியாணி வேகும். விடியும்போது சாமிக்குப் படைத்துவிட்டு, வந்தவர் எல்லோருக்கும் அள்ளிக் கொடுப்பார்கள். தூக்குவாளியோடு சுற்றுவட்டார ஊர்களே வரும். வீடியோக்களால் இந்த விழாவை இன்று உலகத்தின் மறுகோடியில் இருப்பவரும் பார்க்கிறார்.

அங்கே கேமராவோடு போகிறவருக்குக் கூடுதல் கவனம் வேண்டும். அது பிரசாதம். 'அன்லிமிடெட் ஃப்ரீ பிரியாணி' என்று தலைப்புப் போட்டால் அந்த நேர்த்திக்கடனுக்கே அவமரியாதை. பாத்திரத்தோடு நிற்கும் ஏழைப் பாட்டியின் முகத்தைக் கேட்காமல் நெருக்கத்தில் எடுத்துச் சோகப் பாட்டைப் போடுவது அதைவிட மோசம். அங்கே வரிசையில் ஓட்டல் முதலாளியும் நிற்கிறார், கூலிக்காரரும் நிற்கிறார். அந்தச் சமத்துவத்தைக் காட்டுங்கள். அதுவே அந்த விழாவின் பெருமை. இன்னொன்று, அந்தப் பிரியாணியை இரவெல்லாம் கிளறியவர்களைக் காட்டுங்கள். விடியற்காலைப் பந்தியை எல்லோரும் எடுக்கிறார்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு, புகையில் கண் சிவந்து, துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து நிற்கிறவரின் முகம் ஏதாவது ஒரு வீடியோவில்தான் வருகிறது.

அடுத்த உணவுத் திருவிழாவை நடத்தப்போகிறவர்களுக்கு, அது அரசுத் துறையாக இருந்தாலும் தனியாராக இருந்தாலும், சில கோரிக்கைகள். கூட்டம் சேரும் முன்பு, மதியம் ஒரு மணி நேரத்தைப் படம் எடுப்பவர்களுக்கென்று ஒதுக்குங்கள். கேமராவுக்காகச் சமைக்கிற ஒவ்வொரு தட்டுக்கும் டோக்கன் கட்டாயம் என்று வையுங்கள். வெள்ளைத் துணிப் பந்தல் போடுங்கள். ஸ்டால் பெயர், ஊர், சமைப்பவர் பெயர், விலை நான்கையும் கேமராவுக்குத் தெரிகிற அளவில் எழுதி மாட்டுங்கள். எண்ணெய்ச் சட்டிக்கும் கேமராவுக்கும் நடுவே ஒரு கயிறு கட்டுங்கள். புகை பிஸ்கட் போன்றவற்றுக்கு ஸ்டாலே கொடுக்காதீர்கள்.

எடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. கிளம்பும் முன் சமைத்தவரின் போன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். வீடியோ வெளியான அன்றே அவருக்கு அனுப்பிவையுங்கள். அவர் மகளுக்குக் காட்டட்டும்.